திரும்பி வந்த கதைகளும் திசைமாறிய அவநம்பிக்கையும்: ஓர் எழுத்துக் குழுவிலிருந்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வு, பொழுதுபோக்காகச் சிறுகதை எழுதிவந்த ஒரு பெண்மணியைப் பற்றியது. அலுவலக வேலைக்கும் வீட்டுப் பொறுப்புகளுக்கும் இடையே கிடைத்த நேரத்தில் பல ஆண்டுகளாக எழுதிவந்தவர் அவர். எழுத்தால் வருமானம் தேட வேண்டிய நிலை அவருக்கு இல்லை; எழுத்தாளர் என்று தம்மை யாரிடமும் அறிமுகப்படுத்திக்கொண்டதும் இல்லை. மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வாசித்துப் பேசும் சிறு குழுவொன்றில் அவர் உறுப்பினர். அக்குழுவின் கூட்டங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. இந்தப் பதிவை அவர் முழுமையாக வாசித்துச் சம்மதம் தந்திருக்கிறார்.

குழுவில் சேர்ந்தபோது அவர் தம் கதைகளை எங்கும் அனுப்பியிருக்கவில்லை. மற்ற உறுப்பினர்களின் தூண்டுதலால்தான் இதழ்களுக்கும் போட்டிகளுக்கும் அனுப்பத் தொடங்கினார். முதல் கதை திரும்பி வந்தது அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அடுத்தடுத்து அனுப்பியவற்றுக்குச் சில இதழ்களிடமிருந்து, பிரசுரத்துக்கு ஏற்றதாக இல்லை என்ற ஒற்றை வரி வந்தது. சிலவற்றிடமிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பதைப் பல இதழ்கள் நிபந்தனையாகவே வைத்திருப்பதால், பதில் வராத ஒவ்வொரு கதையும் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. மறுப்பைவிட இந்த மௌனமே அவரை அதிகம் அரித்தது. மறுப்பு வந்தால் ஒரு நாள் வருந்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். மௌனத்துக்கு அப்படி ஒரு முடிவு நாள் கிடையாது. அதே காலத்தில், அவருக்குப் பின்னால் குழுவில் சேர்ந்த ஒருவரின் கதைகள் வெளிவரத் தொடங்கின. அவரை மனமாரப் பாராட்டியவர்களில் இவரும் ஒருவர். ஆனால் அதன் பிறகு இரண்டு கூட்டங்களுக்கு இவர் வரவில்லை.

கவனித்தவை

முதலில் மாறியது பேச்சு. தொடக்கத்தில் ஒரு கதை திரும்பினால், “இந்தக் கதை அந்த இதழுக்குப் பொருந்தவில்லை போலிருக்கிறது” என்பார். சில மாதங்களில் அது, “எனக்குக் கதையை முடிக்கத் தெரியவில்லை” என்றாயிற்று. பிறகு, “எனக்கு எழுத்தே வராது, இவ்வளவு நாள் அது தெரியாமல் இருந்திருக்கிறேன்” என்ற இடத்தில் வந்து நின்றது. முதல் வாக்கியத்தில் ஒரு கதையும் ஓர் இதழும் இருந்தன; மூன்றாவதில் கதையும் இல்லை, இதழும் இல்லை, அவர் மட்டுமே இருந்தார். 1978ஆம் ஆண்டில் லின் ஆப்ராம்சன், மார்ட்டின் செலிக்மன், ஜான் டீஸ்டேல் ஆகிய உளவியலாளர்கள், தமக்கு நேர்ந்த கெடுதலை மனிதர்கள் விளக்கிக்கொள்ளும் விதத்தை மூன்று கேள்விகளாகப் பகுத்தனர்: காரணம் என்னிடமா, வெளியிலா, அது என்றும் நிலைப்பதா, இப்போதைக்கு உள்ளதா, அது எல்லாவற்றையும் தொடுவதா, இந்த ஒன்றோடு நிற்பதா. இவருடைய வாக்கியங்கள் சில மாத இடைவெளியில் மூன்று கேள்விகளிலும் மோசமான பதிலை நோக்கியே நகர்ந்திருந்தன.

இரண்டாவது மாற்றம் எழுத்தில் தெரிந்தது. இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் ஒருவர் சோர்ந்திருப்பதைப் பேச்சில் மறைத்துவிட முடியும், பிரதியில் மறைப்பது கடினம். அவருடைய பழைய கதைகளில் பாத்திரங்கள் எதிர்பாராத இடத்தில் பிடிவாதம் பிடிப்பார்கள். உரையாடல் பாதியில் அறுந்து, வாசிப்பவரைக் காத்திருக்க வைக்கும். புதிய கதைகள் ஒழுங்காக இருந்தன. அனுப்பவிருக்கும் இதழில் கடைசியாக வெளிவந்த கதைகளின் நீளம், தொடக்கம், முடிவு ஆகியவற்றை அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தன. முதல் பத்தி மட்டும் பலமுறை திருத்தப்பட்டிருந்தது. நடுப்பகுதியில் கை வைத்த தடமே இல்லை. தேர்வு செய்பவர் முதல் பத்தியைத் தாண்டிப் படிக்கமாட்டார் என்ற பயத்தில் எழுதப்பட்ட பிரதிகள் அவை.

“இது பிரசுரமாகுமா?” என்ற கேள்வியை அவர் கதை முடிந்த பிறகு கேட்கவில்லை, கரு தோன்றிய உடனேயே கேட்டார். இதன் விளைவு பற்றித் தெரேசா அமபில் 1985இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. படைப்பெழுத்தில் ஈடுபாடுடைய 72 பேரைக் கவிதை எழுதச் சொல்லி, அதற்கு முன்பு ஒரு பகுதியினரை மட்டும் பாராட்டு, புகழ், பணம் போன்ற வெளிக் காரணங்களைப் பற்றிச் சில நிமிடங்கள் யோசிக்க வைத்தார்; அவர்கள் எழுதியவை மற்றவர்களின் கவிதைகளைவிடப் படைப்புத்தன்மை குறைந்தவையாக மதிப்பிடப்பட்டன. சில நிமிட யோசனைக்கே இந்த விளைவு என்றால், ஒவ்வொரு கருவையும் அந்தக் கேள்வியோடு தொடங்குபவரின் எழுத்துக்கு என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர் பார்வையில் கதைகள் மோசமாயின, அதனால் திரும்பின. எங்கள் பார்வையில் கதைகள் திரும்பின, அதனால் அவர் அஞ்சி எழுதினார், அதனால் கதைகள் உயிரிழந்தன.

மூன்றாவதாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. சோர்வு எழுத்தோடு நிற்கிறதா, அல்லது மற்ற எல்லாவற்றுக்கும் பரவியிருக்கிறதா? தூக்கமும் பசியும் குலைந்து, வழக்கமாக மகிழ்ச்சி தரும் எதிலும் நாட்டமில்லாமல், நாளின் பெரும்பகுதி இரண்டு வாரங்களுக்கு மேல் அப்படியே கழியுமானால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவரோ உளநல ஆலோசகரோ தேவை, எழுத்துக் குழு அல்ல. இவரிடம் தனியாகவும் நேரடியாகவும் இதைக் கேட்டேன். வேலை, தூக்கம், குடும்பத்தாருடனான பேச்சு எல்லாம் வழக்கம்போல் இருந்தன. எழுத உட்காரும்போது மட்டுமே பாரம் ஏறியது. நிலைமை அந்த எல்லையைக் கடந்தால் உதவி நாடுவதாக அவர் ஒப்புக்கொண்ட பிறகே மேற்கொண்டு பேசினோம்.

ஆறுதல் பலிக்காத காலம்

இதற்கிடையே குழு சும்மா இருக்கவில்லை. அனைவரும் அன்போடு அவரைத் தேற்றினார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆசிரியர் குழுவுக்குத்தான் ரசனை இல்லை என்றார் ஒருவர். பெயர்பெற்ற கலைஞர்கள் எல்லாரும் புறக்கணிக்கப்பட்டவர்கள்தாம் என்ற இன்னொருவர், 1863இல் பாரிஸில் நடந்ததை நினைவூட்டினார்: அரசு ஆதரவில் நடந்த ஓவியக் கண்காட்சியின் தேர்வுக்குழு பெருந்தொகையான ஓவியங்களை ஒதுக்கியது, எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றாம் நெப்போலியன் அவற்றைத் தனியே காட்சிக்கு வைக்க ஆணையிட்டார், ஒதுக்கப்பட்டவர்களில் எதுவார் மனேயும் இருந்தார் என்று.

இவர் அதற்குச் சொன்ன பதில் அவையில் சற்று நேரம் பேச்சை நிறுத்திவிட்டது. “ஒதுக்கப்பட்டுப் பின்னால் பெரியவர்களானவர்களின் பட்டியல் எல்லாருக்கும் தெரியும். ஒதுக்கப்பட்டு அப்படியே போனவர்களின் பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள்? நான் எந்தப் பட்டியலில் இருக்கிறேன் என்று உங்களால் சொல்ல முடியுமா?” அவருடைய தர்க்கத்தில் பிழை இல்லை. வென்றவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து நம்பிக்கை கொள்வது தவறான கணக்குதான். அந்தப் பாரிஸ் நிகழ்விலேயே, கேலிக்கு அஞ்சித் தம் ஓவியங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர்கள் பலர் உண்டு. காட்சிக்கு வைத்தவர்களையும் வந்தவர்கள் பெருமளவில் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஆறுதல் இன்னொரு வகையிலும் தீங்கு செய்தது. குழு கதையைப் புகழ்ந்தது, இதழ் திருப்பியது. இரண்டில் ஒன்று பொய்யாக வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். குழுவினர் நண்பர்கள் என்பதால் குழுவின் சொல்லே பொய் என்று எடுத்துக்கொண்டார். அதன்பின் அவருடைய பிரதியைப் பற்றி நாங்கள் சொன்ன பயனுள்ள கருத்துகளும் அவர் காதில் ஏறவில்லை. அவருக்கு நம்பகமான வாசகர்கள் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், அன்பின் பெயரால் அவர்களை இழந்துவிட்டார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, தேற்றுவதை நிறுத்துவது. அவருடைய கதை வாசிக்கப்படும்போது அது நல்லதா, பிரசுரமாகுமா என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எந்த வரியில் கவனம் கூடியது, எங்கே தளர்ந்தது, எந்த இடத்தில் பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்பதை மட்டும் பிரதியைத் தொட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். இதற்கு ஆதாரம் உண்டு. பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆவ்ரஹாம் குளூகரும் ஆஞ்சலோ டெனீசியும் 1996இல் வெளியிட்ட பகுப்பாய்வில், பின்னூட்டம் சராசரியாகப் பயன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் அதன் பின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி, தன்னைப் பற்றிய எண்ணத்துக்குச் செல்லச் செல்லப் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாராட்டும் கவனத்தைத் தன்மீது திருப்பக்கூடியதுதான் என்பதைக் குழுவில் சிலர் ஏற்க நேரம் பிடித்தது.

இரண்டாவது, ஒரு மறுப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று எழுதிப் பிரிப்பது. ஒரு நோட்டில் ஒவ்வொரு மறுப்புக்கும் எதிரே, கடிதத்தில் உண்மையில் உள்ள சொற்களை ஒரு பக்கத்திலும், அவற்றிலிருந்து தாம் அனுமானித்ததை மறுபக்கத்திலும் அவர் எழுதினார். ஒற்றை வரி மறுப்புக்கு இடப்பக்கத்தில் எழுத ஏதுமே இருக்காது. வலப்பக்கம் நிரம்பி வழியும். அதைக் கண்ணால் பார்ப்பது, நாங்கள் வாயால் சொன்ன எதையும்விட அவரைப் பாதித்தது. தேர்வு என்பது எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ஒரு சான்றையும் அப்போது பேசினோம். டக்ளஸ் பீட்டர்ஸ், ஸ்டீபன் செசி என்ற இரு ஆய்வாளர்கள், உளவியல் இதழ்களில் ஏற்கெனவே வெளிவந்த 12 கட்டுரைகளை, எழுதியவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் மாற்றி, அதே இதழ்களுக்கு மீண்டும் அனுப்பி, விளைவை 1982இல் வெளியிட்டனர். மூன்று மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. அவை ஆய்வுக் கட்டுரைகள், கதைகள் அல்ல; அறியப்படாத நிறுவனப் பெயர்கள் விளைவைப் பாதித்திருக்கவும் கூடும். எனினும், ஒரே பிரதிக்கு ஒரே இடத்தில் இரு வேறு தீர்ப்புகள் கிடைக்க முடியும் என்பதை அது காட்டுகிறது. திரும்பிய கதை நல்ல கதை என்பதற்கு இது சான்றாகாது என்பதையும் சேர்த்தே சொன்னோம். மறுப்பை வெகுமதியாகத் திரித்துக்கொள்வதும் அதை மரண தண்டனையாக எடுத்துக்கொள்வதைப் போன்ற தவறுதான்.

மூன்றாவது, அனுப்புவதையும் எழுதுவதையும் பிரிப்பது. குழுவில் ஒருவர் அவருடைய சம்மதத்தோடு பதில்கள் வரும் மின்னஞ்சல் கணக்கைப் பார்த்துக்கொள்வதாக ஏற்றார். குறிப்பான கருத்துள்ள பதில்களை மட்டும் உடனே தெரிவிப்பார்; வெறும் மறுப்புகளையும் பதிலின்மையையும் பதிவேட்டில் குறித்து, இன்ன காலத்துக்குள் பதில் இல்லையென்றால் கதையை முறைப்படி திரும்பப் பெற்று வேறு இடத்துக்கு அனுப்புவார். இது தப்பித்தல் ஆகாதா என்று குழுவில் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. எழுத உட்காரும் முன் அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவருடைய காலை நேரங்களை விழுங்கிக்கொண்டிருந்ததால், கொஞ்ச காலத்துக்காவது அதை வெட்டியாக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

நான்காவது முடிவுதான் கடினமானது: அவருடைய அவநம்பிக்கையை என்ன செய்வது? குழுவில் பெரும்பாலோர் அதை அகற்ற விரும்பினார்கள். நான் உடன்படவில்லை. அவருடைய பழைய குறிப்புகளைப் பார்த்தால், அவர் எப்போதுமே மோசமானதை எதிர்பார்த்து எழுதியவர் என்பது தெரியும். “இந்த இடத்தில் வாசகர் நம்பமாட்டார்”, “இந்த அம்மா பாத்திரம் போலியாகிவிடும்” என்று ஓரங்களில் எழுதி, ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே போவார். அவருடைய சிறந்த கதைகள் அந்தக் கவலையில் பிறந்தவை. ஜூலி நோரமும் நான்சி காண்டரும் 1986இல் விவரித்த தற்காப்பு அவநம்பிக்கை இதுவே: இவ்வகையினர் எதிர்பார்ப்பைத் தாழ்த்திக்கொண்டு, தவறாகப் போகக்கூடியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத் தயாராகிறார்கள், அவர்களுக்குத் தைரியம் சொல்லி நம்பிக்கையூட்டினால் செயல்திறன் குறைகிறது. இவரிடம் நேர்ந்த கேடு அவநம்பிக்கை வந்தது அல்ல. அது பிரதியை விட்டு எழுதுபவர் மேல் திரும்பியது. ஆகவே அதை மீண்டும் பிரதியின் மேல் திருப்ப முயன்றோம். ஒவ்வொரு கதைக்கும் முதல் வரைவு முடிந்ததும், இது தோற்றுப்போனால் எந்த இடத்தில் தோற்றிருக்கும் என்று அவர் எழுத வேண்டும். ஒரே நிபந்தனை: பதிலில் கதையின் ஒரு பக்கமும் ஒரு வரியும் சுட்டப்பட்டிருக்க வேண்டும். “நான்” என்று தொடங்கும் பதில் செல்லாது.

பின் நிகழ்ந்தவை

முதல் சில வாரங்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அந்தப் பட்டியல்களை அவர் ஒரு கடமையாகவே எழுதினார். பிறகு ஒரு கூட்டத்தில், ஒரு கதையின் நடுவே வரும் மருத்துவமனைக் காட்சியைச் சுட்டி, அங்கே தந்தைக்கும் மகளுக்கும் இடையே பேச்சு தேவையில்லாமல் நீள்வதாகவும், அந்தப் பேச்சு தமக்குப் பிடித்திருப்பதால் வெட்ட மனம் வரவில்லை என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. பல மாதங்களுக்குப் பிறகு அவர் தம் கதையைப் பற்றி, தம்மைப் பற்றிப் பேசாமல், பேசிய முதல் தருணம் அது. காட்சியைச் சுருக்கினார். அந்தக் கதையும் திரும்பியது. பதிவேட்டில் குறித்தாயிற்று, வேறோர் இதழுக்குப் போயிற்று.

பின்னர் ஒரு கதை ஏற்கப்பட்டது. கடைசி இரண்டு பத்திகளை நீக்கச் சம்மதமா என்ற ஆசிரியரின் கேள்வியோடு. எல்லாம் சரியாகிவிடும் என்று குழு எதிர்பார்த்தது. நடந்தது வேறு. “வேறு கதை கிடைக்காத மாதமாக இருக்கும்” என்றார் அவர். தோல்விக்குக் காரணம் தாம், அது நிரந்தரம். வெற்றிக்குக் காரணம் தற்செயல், அது இந்த ஒருமுறைதான். அவநம்பிக்கையோடு விளக்கும் பழக்கம் நல்லவற்றைத் தலைகீழாக விளக்கும் என்று செலிக்மன் சொல்வது இதைத்தான். மறுப்புகளுக்கு மட்டுமே நோட்டுப் போட்டிருந்த இடத்தில், ஏற்புக்கும் அதே பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். ஆசிரியர் எழுதிய சொற்கள் இடப்பக்கம்: கதையின் நடுப்பகுதி பிடித்திருக்கிறது, முடிவு ஏற்கெனவே சொன்னதையே விளக்குகிறது. அதில் வேறு கதை கிடைக்காத மாதம் என்ற சொல் எங்கும் இல்லை. அதைப் பார்த்தவர், பத்திகளை நீக்குவது பற்றி யோசிக்கத் தொடங்கினார். ஒரு பத்தியை நீக்கினார். மற்றதை ஏன் வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று ஆசிரியருக்கு எழுதினார். கதை அப்படியே வெளிவந்தது. தம் பிரதிக்காக வாதாடிய அந்தக் கடிதத்தை நான் அந்தப் பிரசுரத்தைவிடப் பெரிய விஷயமாக மதிக்கிறேன்.

அதன் பின் வந்த மறுப்புகளும் அவருக்கு வலித்தன. வலி குறைந்தது என்று அவரே சொல்லவில்லை. கதை திரும்பி வந்த நாளில் அதைத் திறப்பதில்லை, அடுத்த வாரம் ஒரே ஒருமுறை வாசித்து, மாற்றுவதா அப்படியே அனுப்புவதா என்று முடிவு செய்வது என்று அவரே ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். அஞ்சலைக் கவனிக்கும் பொறுப்பையும் தாமே திரும்பப் பெற்றார். இப்போது எந்த இதழுக்கும் பொருந்தாத நீளத்தில், யாருக்கும் அனுப்பும் எண்ணமில்லாமல், ஒரு நெடுங்கதை எழுதிக்கொண்டிருக்கிறார். அதன் நடுவே சிறுகதைகளையும் அனுப்புகிறார். அவருடைய பாத்திரங்கள் மீண்டும் பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

இதே முறையைக் குழுவில் இன்னொருவரும் தாமாக முன்வந்து பின்பற்றினார். சில மாதங்களில் அவர் எழுதுவதையே விட்டுவிட்டார். பட்டியல்கள் எழுதியபோதுதான், தமக்குக் கதைகளை வாசித்துப் பிரித்துப் பார்ப்பதில் உள்ள ஈடுபாடு எழுதுவதில் இல்லை என்பது தெரிந்ததாகச் சொன்னார். குழுவின் மிகக் கூர்மையான வாசகராக அவர் தொடர்கிறார். பொழுதுபோக்கை விடுவது எப்போதும் மனமுடைந்த செயலாக இருக்க வேண்டியதில்லை. எதனால் விடுகிறோம் என்பதைத் தெரிந்து விடுவது தெளிவான முடிவு.

மாற்ற வேண்டியவை

ஒரே ஒருவரின் அனுபவத்திலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவ முடியாது. பருவம் மாறியதும், காலம் கடந்ததும், அந்த ஒரு பிரசுரமும் இதில் எவ்வளவு பங்காற்றின என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனாலும் குழுவின் நடைமுறையில் சில மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன. புதிதாகச் சேர்பவரை உடனே இதழ்களுக்கு அனுப்பத் தூண்டுவதில்லை. தமக்காக எழுதுகிறாரா, வெளியிடவும் விரும்புகிறாரா என்பதை அவரே சொல்லும்வரை காத்திருக்கிறோம். அனுப்ப விரும்புபவர், முதல் கதையை அனுப்பும் முன்பே, திரும்பி வந்தால் என்ன செய்வது, பதிலே வராவிட்டால் எவ்வளவு காலம் பொறுப்பது என்பதை எழுதி வைக்கிறார். மனம் புண்பட்டிருக்கும் நாளில் வகுக்கும் திட்டத்தைவிட, அமைதியான நாளில் வகுத்தது நிற்கிறது.

ஒருவரின் பேச்சில் கதையின் இடத்தைத் “நான்” பிடிக்கத் தொடங்கும்போதே ஒருங்கிணைப்பாளர் தனியாகப் பேச வேண்டும் என்பதும், மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்டறிவது அந்தப் பேச்சின் முதல் பகுதியாக இருக்க வேண்டும் என்பதும் இப்போது எழுதப்பட்ட விதி. அடுத்தவர் அஞ்சலைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு முடிவு நாள் தொடக்கத்திலேயே குறிக்கப்படும். இவர் தாமாகவே அதைத் திரும்பப் பெற்றார், எல்லாரும் பெறுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. ஒருவரின் கதை வெளிவந்த செய்தியைக் கூட்டத்தின் தொடக்கத்தில் அறிவிக்கும் வழக்கமும் நின்றுவிட்டது. கூட்டம் பிரதிகளை வாசிப்பதில் தொடங்குகிறது. அறிவிப்புகளும் வாழ்த்துகளும் வாசிப்பு முடிந்த பிறகு வருகின்றன.